டெம்ப்ளேட்டை எதில் வெட்டுவது? குவில்ட்டுக்கும் தையலுக்கும் பொருள் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) வகுப்புக்கு வந்த ஒருவர் நாற்பது முக்கோணத் துண்டுகளை வெட்டி அடுக்கிக் கொண்டு வந்திருந்தார். முதலில் வெட்டியதை எடுத்து, கடைசியில் வெட்டியதன் மேல் வைத்துப் பார்த்தோம். கடைசித் துண்டின் மூன்று மூலைகளும் மழுங்கியிருந்தன. ஒரு மூலையில் இரண்டு மில்லிமீட்டர் துணியே காணோம். கை தவறவில்லை, கத்தரியும் மொட்டையில்லை. ஏதோ ஒரு காலிப் பெட்டியைப் பிரித்து, அந்த அட்டையில் டெம்ப்ளேட்டை, அதாவது துணியின் மேல் வைத்துச் சுற்றி வரையும் மாதிரி வடிவத்தை, வெட்டியிருந்தார். பென்சில் ஒவ்வொரு முறை சுற்றி வந்தபோதும் அட்டையின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

அதற்காக அட்டையைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து துண்டுகள்தான் வேண்டும் என்றால் அதே அட்டை தாராளமாகப் போதும். பொருள் தவறாகப் போவதில்லை. வேலைக்கும் பொருளுக்கும் பொருத்தம்தான் தவறிப்போகிறது. ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1. முதலில் மூன்று கேள்விகள்

எத்தனை முறை சுற்றி வரையப் போகிறீர்கள்? பத்துக்குள் என்றால் கெட்டியான அட்டை தாங்கும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக்கை நினைக்கத் தொடங்குங்கள். நூறைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், பிளாஸ்டிக்தான்.

டெம்ப்ளேட்டின் விளிம்பில் ஓடப்போவது பென்சிலா, சக்கரம்போல் உருண்டு வெட்டும் சுழல் கத்தியா? புதியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பென்சிலின் கூர் கூம்பு வடிவம். டெம்ப்ளேட் தடிமனாக இருந்தால் கூம்பின் வயிறு மேல் விளிம்பில் இடித்து நிற்கும். நுனி துணியைத் தொடும் இடம் வெளியே தள்ளிப் போகும். மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து பாருங்கள், துண்டு நன்றாகவே பெரிதாக வரும். கத்திக்கு இது தலைகீழ். மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பில் கத்திச் சக்கரம் ஏறி, அதைச் சீவிவிடும். பென்சிலுக்கு மெல்லியது, கத்திக்குத் தடித்தது.

இஸ்திரிப் பெட்டி அதன் மேல் வருமா? வரும் என்றால் சாதாரண பிளாஸ்டிக் ஆகாது. ஒருமுறை பிளாஸ்டிக் வட்டத்தின் மேல் துணி விளிம்பை மடித்து, ஒரே ஒரு நொடிதானே என்று அழுத்தினேன். வட்டம் கிண்ணமாகக் குழிந்தது. பெட்டியின் அடித்தட்டைச் சுரண்டி முடிக்க அன்றைய மாலை போய்விட்டது.

இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிவிட்டால் பொருள் பாதி முடிவாகிவிடும்.

2. தையலுக்கு விடும் இடம் உள்ளேயா, வெளியேயா?

பொருளை வாங்குவதற்கு முன்பே இதையும் முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் டெம்ப்ளேட்டின் அளவும், சில நேரம் பொருளும், இதனால் மாறும்.

கையால் தைப்பவர்கள் டெம்ப்ளேட்டைத் தைத்து முடிந்த அளவுக்கே வெட்டுவார்கள். அதைச் சுற்றி வரையும் கோடுதான் தையல் கோடு. அதற்கு வெளியே கால் அங்குலம் கண்ணளவில் விட்டு வெட்டினால் போதும். வெட்டு கொஞ்சம் கோணினாலும் தையல் கோணாது. எப்போதும் பென்சில்தான் என்பதால் மெல்லிய பொருள் போதும்.

இயந்திரத்தில் தைப்பவர்களுக்குத் தையல் கோடு தேவையில்லை. துணியின் விளிம்பை இயந்திரத்தின் பாதத்தோடு ஒட்டி ஓட்டுவார்கள். எனவே கால் அங்குலமும் டெம்ப்ளேட்டுக்குள் அடங்க வேண்டும். வெட்டும் விளிம்பு துல்லியமாக இருக்க வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். முடிந்த அளவு 3 அங்குலச் சதுரம் என்றால் 3½ அங்குலம் வெட்டுகிறோம். அதே கணக்கை முக்கோணத்துக்கும் போட்டு, நேர் பக்கங்களோடு அரை அங்குலம் கூட்டிவிடுகிறார்கள். நேர் பக்கங்கள் 3 அங்குலம் உள்ள செங்கோண முக்கோணத்துக்குக் கூட்ட வேண்டியது 7/8 அங்குலம். 45 டிகிரி கூர்முனையைச் சுற்றிக் கால் அங்குலம் விடும்போது, முனை அரை அங்குலத்துக்கு மேல் நீண்டு போவதுதான் காரணம். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய விருப்பமில்லையா? முடிந்த அளவில் வடிவத்தை வரைந்து, மூன்று பக்கமும் இணையாகக் கால் அங்குலக் கோடு போட்டு நீட்டுங்கள். சரியான அளவு தானாக வரும்.

3. முன்னேற்பாடாக வேண்டியவை

எஃகு அளவுகோல், கூரான கைவினைக் கத்தி, அடியில் வைக்க வெட்டுப் பாய், 0.5 மில்லிமீட்டர் இயந்திரப் பென்சில், மெல்லிய முனையுள்ள அழியாத மார்க்கர், மாஸ்கிங் டேப், பசைக் குச்சி, நுண்ணிய உப்புத்தாள் ஒரு துண்டு. தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனிக் கத்தரி வைத்துக்கொள்ளுங்கள். துணிக் கத்தரியால் ஒரு முறை பிளாஸ்டிக் வெட்டினால், அடுத்த நாள் துணியை அது மெல்லத் தொடங்கும்.

அங்குலமா, சென்டிமீட்டரா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நடுவில் மாற்றினால் தசமத்தில் வரும் சிறு வித்தியாசம் ஒவ்வொரு துண்டிலும் சேர்ந்துகொண்டே போகும். அளவுகோலும் ஒன்றே இருக்கட்டும். இரண்டு அளவுகோல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எல்லாம் ஒத்துப்போவதில்லை என்பது தெரியும்.

4. தாளும் அட்டையும்

சாதாரண அச்சுத் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். வடிவத்தை வரைந்து பார்க்க, அச்சிட, ஒட்டுவதற்கு அது போதும். அதையே டெம்ப்ளேட்டாகப் பயன்படுத்தினால் பென்சில் நுனி விளிம்புக்கு அடியில் புகுந்துவிடும்.

200 முதல் 300 ஜிஎஸ்எம் அட்டையே டெம்ப்ளேட்டுக்கு ஏற்ற குறைந்தபட்சப் பொருள். அந்தக் கனத்துக்குக் கீழே மூலைகள் வளையும். அதற்கு மேல் போனால் கத்தரியால் சுத்தமாக வெட்ட வராது. அலை அலையாக உட்புறம் உள்ள பார்சல் பெட்டி அட்டையைத் தொடவே வேண்டாம். அது தடிமன், ஆனால் உறுதியில்லை. வெட்டும்போதே விளிம்பு நசுங்கி, கோடு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

அச்சிட்ட தாளை அட்டையில் ஒட்டுவதென்றால் பசைக் குச்சியைப் பயன்படுத்துங்கள். நீர்ப்பசை தடவினால் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும். காயும்போது அட்டையையும் சேர்த்து வளைக்கும். விரிந்த நிலையில் ஒட்டிய வடிவம் மூலத்தைவிடச் சற்றுப் பெரிது. ஒரு துண்டில் கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டைச் சேர்த்துத் தைத்தால் தெரியும்.

அட்டைதான் இருக்கிறது, ஆனால் முப்பது துண்டுகள் வேண்டும் என்றால் ஒரே வடிவத்தில் நான்கு டெம்ப்ளேட் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு, ஒன்பது முறை வரைந்தவுடன் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். நான்கையும் மூலத் தாளிலிருந்தே வெட்ட வேண்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு பென்சில் கோட்டளவு பெருத்துக்கொண்டே போகும்.

கெட்டியான உப்புத்தாளும் நல்ல டெம்ப்ளேட் பொருள்தான். சொரசொரப்பான பக்கம் துணியைப் பிடித்துக்கொள்வதால் வழுக்காது. ஆனால் விளிம்பு அட்டையைப் போலவே தேயும். வெட்டும் கத்தரியையும் பாழாக்கும். நான் அதை டெம்ப்ளேட்டாக வெட்டுவதில்லை. சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டின் அடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

5. டெம்ப்ளேட் பிளாஸ்டிக்

குவில்ட் தைப்பவர்கள் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் இதைச் சொல்வேன். ஒளி ஊடுருவும், விளிம்பு தேயாது, வீட்டுக் கத்தரியால் வெட்டலாம். தெளிவானதாகவும் பால்வெள்ளைப் படலம் போலவும் கிடைக்கும். கட்டம் அச்சிட்டதும் உண்டு.

பால்வெள்ளையான சொரசொரப்புப் பக்கத்தில் பென்சில் பதியும் என்பதால், புதியவர்களுக்கு அதுவே வசதி. கட்டம் போட்டது நேர்க்கோட்டு வடிவங்களுக்கு உதவும். ஆனால் முதல் முறை பயன்படுத்தும் முன் கட்டத்தின் மேல் அளவுகோலை வைத்துச் சரிபாருங்கள். துணியில் உள்ள ஒரு பூவையோ பறவையையோ நடுவில் கொண்டுவர வேண்டும் என்றால் தெளிவான பிளாஸ்டிக் வேண்டும். தையல் கோட்டை அதன் மேலேயே வரைந்துவிட்டால், தைத்த பின் எந்தப் பகுதி வெளியே தெரியும் என்பதை வெட்டும் முன்பே பார்க்கலாம். பறவையின் அலகு தையலுக்குள் போய்விட்டதே என்று பிறகு வருந்த வேண்டியிருக்காது.

வரைவதற்கு அழியாத மார்க்கர் மட்டுமே. பந்துமுனைப் பேனா மை பிளாஸ்டிக்கில் காயாமல் நின்று, வெளிர் நிறத் துணியில் ஒட்டிக்கொள்ளும். மார்க்கரைக்கூட ஒரு நிமிடம் காய விடுங்கள்.

வளைவுகளைக் கத்தரியால் வெட்டுங்கள். கத்தரியைத் திருப்பாமல், பிளாஸ்டிக்கைத் திருப்பிக்கொண்டே வந்தால் விளிம்பில் பல் விழாது. நேர்க்கோட்டுக்கு எஃகு அளவுகோலை வைத்து, கத்தியால் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீறி, கோட்டில் மடித்தால் ஒடிந்துவிடும். ஒரே அழுத்தத்தில் வெட்ட முயன்றால் கத்தி அளவுகோலை விட்டு ஓடும். பெரும்பாலும் விரல் இருக்கும் பக்கமாக.

கைக்குக் கிடைக்கும் மாற்றுப் பொருள்களில் கோப்பு உறைகளின் பிளாஸ்டிக் பரவாயில்லை, மிகவும் தளர்வாக இல்லாவிட்டால். ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குப் பயன்பட்ட 0.1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள் மெல்லியது. பென்சில் அடியில் புகும். பழைய எக்ஸ்-ரே ஃபிலிம் அதைவிட நல்லது. ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியஸ்டர் அது. கரும்படலத்தை எடுக்க வேண்டும் என்றால் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் அதோடு கலக்காதீர்கள். ஃபிலிமின் ஓரத்தில் நோயாளியின் பெயர் இருக்கும். அந்தப் பகுதியை முதலில் வெட்டி எறிந்துவிடுங்கள்.

6. இஸ்திரிப் பெட்டியோடு சேரும் வேலைகள்

ஒட்டுவேலைக்கு, அதாவது ஒரு துணியின் மேல் இன்னொரு வடிவத்தை வைத்துத் தைப்பதற்கு, ஃப்ரீசர் பேப்பர் எனப்படும் தாள் மிக வசதி. ஒரு பக்கம் தாள், மறு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. பளபளப்பான பக்கத்தைத் துணியில் வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் சில நொடி அழுத்தினால் ஒட்டும். உரித்தால் கறையில்லாமல் வரும். ஒரே வடிவத்தைப் பல முறை ஒட்டலாம். பிடிப்பு விட்டதும் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். இரு பக்கமும் மெழுகு பூசிய சமையல் தாள் இதற்கு மாற்று அல்ல. மெழுகு உருகித் துணியில் இறங்கும், பெட்டியின் அடியிலும் ஒட்டும்.

துணியின் பின்பக்கத்தில் ஒட்டுவதாக இருந்தால் வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பமாக வரைய வேண்டும். இதை மறந்தவர்களின் குவில்ட்டில் எல்லாக் கிளிகளும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

வட்டங்களின் விளிம்பை மடித்து அழுத்துவதற்கு வெப்பம் தாங்கும் தனிவகை பிளாஸ்டிக் கிடைக்கிறது. வாங்கும் உறையில் வெப்பம் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் ஒரு மூலையில் மார்க்கரால் குறித்துவிடுங்கள். ஒன்றிரண்டு வட்டம்தான் என்றால் கெட்டி அட்டையே போதும், அது உருகாது.

துணியைத் தாள் வடிவத்தின் மேல் மடித்துக் கைத்தையல் போடும் அறுகோண வேலைக்கு 120 முதல் 160 ஜிஎஸ்எம் தாள் ஏற்றது. 80 ஜிஎஸ்எம் தாளில் மடிப்பு கூராக நிற்காது. 250 ஜிஎஸ்எம் அட்டையிலோ இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்துத் தைக்கும்போது விரல் வலிக்கும். அடுத்த துண்டைச் சேர்க்க மடிக்கவும் வராது. ஒவ்வொரு தாளின் நடுவிலும் பஞ்ச் இயந்திரத்தால் ஒரு துளை போட்டுவிடுங்கள். பிறகு தாளை வெளியே இழுக்க ஒரு குச்சி போதும். அறுகோணத்தை அதன் ஒரு பக்கத்தின் நீளத்தால் குறிப்பிடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 1 அங்குல அறுகோணம் முனைக்கு முனை 2 அங்குலம் வரும்.

7. அக்ரிலிக்

சுழல் கத்தி பயன்படுத்துபவர்களுக்கு மட்டும். 3 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் சக்கரம் மேலே ஏறாது. வீட்டில் இதைத் துல்லியமாக வெட்டுவது கடினம். வெட்டியதை வாங்குங்கள், அல்லது லேசரில் வெட்டித் தருபவரிடம் கொடுங்கள். லேசருக்குக் கொடுத்தால் வந்தவுடன் அளந்து பாருங்கள். லேசர்க் கதிர் தன் தடத்தின் அகலத்தைத் தின்னும். அதை ஈடுகட்டாமல் வெட்டியிருந்தால் துண்டு சற்றுச் சிறியதாக இருக்கும்.

ஒரே ஒரு குவில்ட்டுக்காக அக்ரிலிக் வாங்குவது வீண். பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வெட்டும் வடிவத்துக்கு அது நியாயம்.

8. உடைகளுக்கான பேட்டர்ன்

இங்கே பொருளைவிட வரிசைதான் முக்கியம். அளவு உடம்புக்குச் சரியாக உட்காரும்வரை எல்லாம் தாளில்தான் இருக்க வேண்டும். தாளை வெட்டி விரிக்கலாம், மடித்துக் குறைக்கலாம், டேப் போட்டு நீட்டலாம். சோதனைத் துணியில் தைத்து, போட்டுப் பார்த்து, கைக்குழியும் கழுத்தும் சரியான பிறகே அட்டைக்கு மாற்றுங்கள். முதல் நாளே அழகாக அட்டையில் வெட்டிவிடுபவர்கள், பிறகு திருத்த மனம் வராமல் சரியில்லாத அளவிலேயே மூன்று பிளவுஸ் தைத்துவிடுவார்கள்.

வரைவதற்குப் பழுப்புத் தாள் நல்லது. செய்தித்தாளை வரைந்து பழகப் பயன்படுத்தலாம். வெளிர் துணியின் மேல் வைக்காதீர்கள், மை ஏறும். அச்சிட்ட பேட்டர்னிலிருந்து ஓர் அளவை மட்டும் எடுக்கப் பட்டர் பேப்பரோ, ஒளி ஊடுருவும் நெய்யாத் துணியோ வேண்டும். நெய்யாத் துணிக்குக் கூடுதலாக ஒரு பயன் உண்டு: அதையே ஊசி நூலால் இணைத்து உடம்பில் வைத்துப் பார்க்கலாம். மடித்து வைத்தாலும் கிழியாது. பசை பூசாத வகையா என்று பார்த்து வாங்குங்கள். பசை உள்ளது என்றால் இஸ்திரி போட்ட நொடியில் துணியோடு போய்விடும்.

அட்டைப் பேட்டர்னைக் குண்டூசியால் குத்தாதீர்கள். மேலே கனமான எதையாவது வைத்து, சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுங்கள். ஊசி குத்தினால் துணி மேடாகி அளவு நகரும்.

அச்சிட்ட பேட்டர்ன்கள் பலவற்றில் தையலுக்கு 1.5 செ.மீ. சேர்த்தே இருக்கும், சிலவற்றில் இருக்காது. அட்டைக்கு மாற்றும்போது, சேர்த்திருக்கிறீர்களா இல்லையா என்பதை அட்டையின் மேலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எடுப்பவருக்கு, அது நீங்களே ஆனாலும், நினைவிருக்காது.

9. வரைவது, வெட்டுவது, எழுதுவது: இந்த வரிசையில்

முதலில் அச்சுப் பிரதியைச் சரிபாருங்கள். அச்சிடும்போது 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். அது 97 சதவீதமாகச் சுருக்கினால் 6 அங்குலம் 5.82 ஆகிவிடும். பேட்டர்னில் 1 அங்குலச் சோதனைச் சதுரம் இருந்தால் நீளம், அகலம் இரண்டையும் அளங்கள். சில அச்சுப்பொறிகள் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்.

பிறகு பிளாஸ்டிக்கை மேலே வைத்து, நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு வரையுங்கள். நேர்க்கோடு என்றால் மூலைகளில் மட்டும் புள்ளி வைத்து, அளவுகோலால் இணையுங்கள். முழுக் கோட்டையும் கையால் பின்தொடர்வதைவிட இது துல்லியம்.

கோட்டின் உள்விளிம்பில் வெட்டுங்கள். கோட்டுக்கும் தடிமன் உண்டு. கோட்டை விட்டுவைத்து வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் கூடும். ஒரு துண்டின் இரு பக்கமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர். வரிசையில் பன்னிரண்டு துண்டுகள் என்றால் 12 மில்லிமீட்டர். கால் அங்குலத் தையல் இடத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வெட்டியபின் விளிம்பை நுண்ணிய உப்புத்தாளில் ஒருமுறை இழுத்துப் பிசிறை எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் அளவு போய்விடும்.

இயந்திரத் தையலுக்கான முக்கோணங்களில் நீண்டு நிற்கும் கூர்முனைகளை வெட்டி மழுக்கிவிடுங்கள். பக்கத்துத் துண்டோடு வைத்து, அதற்கு வெளியே நீளும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அப்போது இரண்டு துண்டுகளின் ஓரங்களும் தைக்கும் முன்பே நேராகப் பொருந்தும். தையல் கோடுகள் சந்திக்கும் இடத்தில் பென்சில் நுனி நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். உடைப் பேட்டர்ன் என்றால், உடம்பின் வளைவுக்காக மடித்துத் தைக்கும் டார்ட்டின் முனையிலும்.

கடைசியாக எழுத வேண்டியவை: பிளாக்கின் (துண்டுகளை இணைத்து வரும் ஒரு கட்டம்; பல பிளாக் சேர்ந்தால் குவில்ட்) பெயர், துண்டின் எழுத்து, முடிந்த அளவு, எத்தனை வெட்ட வேண்டும், நூலோட்டத்தின் (துணியில் இழை ஓடும் திசை) அம்புக்குறி. திருப்பி வெட்ட வேண்டிய வடிவம் என்றால் அதையும். எழுத்து இருக்கும் பக்கம் எப்போதும் மேலே என்று வைத்துக்கொண்டால், இடம் வலம் குழம்பாது. நூலோட்டத்தை எழுதாமல் விடுவதால் நடப்பது இதுதான்: பிளாக்கின் வெளி ஓரங்களில் இழைக்குச் சாய்வாக வெட்டிய பக்கம் வந்து, அழுத்தும்போது அலை அலையாக இழுபடும்.

10. துணியைத் தொடும் முன்

டெம்ப்ளேட்டை மூலத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சமச்சீர் வடிவம் என்றால் திருப்பிப் போட்டும் பாருங்கள். சாய்வு இருந்தால் உடனே தெரியும். பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு டெம்ப்ளேட்டுகளின் இணையும் ஓரங்களை அளந்து ஒப்பிடுங்கள். வளைவு என்றால் வெட்டும் விளிம்பை அளக்கக் கூடாது, தையல் கோட்டை அளக்க வேண்டும். குழிவும் குவிவுமான இரண்டு வளைவுகளின் வெட்டு விளிம்புகள் எப்போதும் வேறுபடும், அது பிழையன்று.

பிறகு மீந்த துணியில் ஒரே ஒரு பிளாக் தைத்து அழுத்தி அளங்கள். 12 அங்குல பிளாக் என்றால், அடுத்ததோடு இணைக்கும் முன் 12½ வர வேண்டும். குறைந்தால் தையலின் அகலத்தைப் பாருங்கள், பிறகு டெம்ப்ளேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி தையல்தான்.

11. எடுத்து வைப்பது

ஒரு திட்டத்தின் டெம்ப்ளேட்டுகள் எல்லாவற்றிலும் மூலையில் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்துவிடுங்கள். துளை தையல் இடத்துக்குள் விழட்டும். பிளாஸ்டிக்கைப் படுக்கையாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள்; சூட்டில் சுருண்டது மறுபடி தட்டையாவதில்லை. அட்டைப் பேட்டர்ன்களை மடிக்காமல் கொக்கியில் தொங்கவிடுங்கள். மூலத் தாளை டெம்ப்ளேட்டோடு சேர்த்து ஒரே உறையில் போடுங்கள். மார்க்கர் எழுத்து தவறாகிவிட்டால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம்.

அந்த நாற்பது முக்கோணங்களில் பதினேழு தேறின. மீதியை ஓரம் சீவி, சிறிய அளவில் ஒரு பிளாஸ்டிக் டெம்ப்ளேட் வெட்டி, தலையணை உறைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.